கழற்ற வரும் மோதிரம்

மோதிரத்துக்குக் கயல்விழி ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். கல் வேண்டும் என்று கேட்கவில்லை. டிசைன் கேட்கவில்லை. எடையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"எதுனா வாங்கு பரிதி. ஆனா கழட்ட வரணும். அவ்ளோதான்."

திருத்தணி ரயில் நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் நின்றுகொண்டு சொன்னாள். "கழட்ட வராத மோதிரம் எங்க விக்கறாங்க?" என்று கிண்டலடித்தேன். அவள் டீயைக் குடித்து முடித்தாள். பேப்பர் கப்பைக் கசக்கிக் குப்பையில் போட்டாள். "சொல்லிட்டேன்" என்றாள்.

நாங்கள் இருவரும் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். நான் இன்ஜினீயரிங்கைப் பாதியில் விட்டவன். நைட் ஷிஃப்டை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ராத்திரியில் சூப்பர்வைசர்களும் குறைவு, பேச்சும் குறைவு. கயல் டிப்ளமா முடித்தவள். அவளுக்குக் காலை ஷிஃப்ட்.

எங்கள் லைனுக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாது. மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, தலையில் குத்தும் பின் வரைக்கும் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாசலில் நிற்கும் மெஷின் கத்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காரணம் சொன்னாலும் கேட்க மாட்டார்கள். பிரேமா என்று ஒரு பெண் கயலோடு ஒரே லைனில் இருந்தாள். கல்யாணம் ஆனதும் மெட்டியைக் கழற்றக் கூடாது என்று மாமியார் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவள் வாசலில் நின்று அழுதாள். செக்யூரிட்டி அக்காவும் சேர்ந்து அழுதாள். மெஷின் மட்டும் கத்திக்கொண்டே இருந்தது. அந்த வாரமே பிரேமா வேலையிலிருந்து நின்றுவிட்டாள்.

கயல் லைன் லீடர் ஆகப் போகிறாள். பெயர் வந்துவிட்டது. ஆடி முடிந்ததும் பயிற்சி. அந்த வேலையை அவள் எவ்வளவு விரும்புகிறாள் என்று எனக்குத் தெரியும். என்னையும் அந்த வேலையையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும் என்று நான் அவளிடம் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

எங்கள் வீடு கே.ஜி. கண்டிகையில். கொஞ்சம் நிலம், அதில் கரும்பும் வேர்க்கடலையும். கயல் பொதட்டூர்பேட்டைக்காரி. அவள் அப்பா ஆறுமுகம் வீட்டிலேயே விசைத்தறி போட்டு லுங்கி நெய்கிறவர். சாதி வேறு. அதற்காக எங்கள் வீட்டில் நடந்த சண்டையை இங்கே எழுதப் போவதில்லை. கடைசியில் என் அம்மா கோமளவல்லி, "உன் இஷ்டம்" என்றாள். சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆனியில் நிச்சயம், தையில் கல்யாணம் என்று முடிவானது. நடுவில் ஆடி வந்தது, புரட்டாசி வந்தது, மார்கழி வந்தது. மிச்ச மாதங்களில் எங்கள் ஜோசியருக்கு நாள் அகப்படவில்லை.

எங்கள் பக்கத்தில் நிச்சயத்துக்குத் தட்டு மாற்றுவார்கள். மோதிரம் மாற்றுவதெல்லாம் மண்டபமும் வீடியோக்காரரும் வந்த பிறகு வந்தது. ஆனால் வந்த வேகத்தில் அதுவும் சாஸ்திரமாகிவிட்டது. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு ஒன்று வாங்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு ஒன்று வாங்க வேண்டும்.

எனக்கான மோதிரத்துக்கு ஆறுமுகம் மாமாவே போன் செய்தார். பின்னால் தறி ஓடும் சத்தம்.

"மாப்ள, டைட்டா வேணுமா, லூசா வேணுமா? வேலைக்குப் போற கை. தெனம் கழட்டி மாட்டணும் இல்ல? உங்களுக்கு எது சௌகரியமோ அப்டி செஞ்சிக்கலாம்."

சௌகரியமாக வேண்டும் என்றேன். சௌகரியமாகவே செய்தார்.

கயலின் மோதிரத்துக்கு ம.பொ.சி. சாலையில் இருக்கும் ஒரு நகைக்கடைக்குப் போனோம். நான், அம்மா, என் அக்கா தமயந்தியின் வீட்டுக்காரர். அவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். பாவாவுக்கு வேலை இருக்கிறதோ இல்லையோ, எந்தக் கடைக்கும் கூட வந்துவிடுவார். கடையை நடத்துகிற சூர்யபிரகாஷ் என்னோடு பள்ளியில் படித்தவன். பெண்ணைக் கூட்டிப் போகலாம் என்று நான் சொன்னபோது, "நிச்சயத்துக்கு முன்ன பொண்ணு தன் மோதிரத்த தானே பாத்தா இன்னா மரியாத?" என்றாள் அம்மா.

உட்கார்ந்ததும் அம்மா சொன்னாள்: "பவழம் வெச்சது காட்டுப்பா. பொண்ணுக்கு செவ்வாய் கீது."

எனக்குச் சுர்ரென்றது. "அவளுக்கு செவ்வாய் கீதுன்னு ஊருக்கே விரல்ல எழுதி ஒட்டணுமா?"

"திருத்தணில பொறந்துட்டு பவழம் வேணாம்ன்றான் பாரு" என்றார் பாவா. "முருகனே செவ்வாய்க்குச் சொந்தக்காரரு மச்சான்."

"அப்ப அவரு பாத்துக்குவாரு. கல்லு வேணாம்."

பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அம்மா தட்டை நகர்த்திவிட்டாள். "சரி, வேணாம். உன் இஷ்டம்."

தாமரைப்பூ வைத்த மோதிரம் ஒன்றைக் காட்டினாள். அகலமாக இருக்கிறது என்றேன். "உன் இஷ்டம்." இரண்டு பேர் பெயரின் முதலெழுத்தைப் போடச் சொன்னார் பாவா. வேண்டாம் என்றேன். "அவன் இஷ்டம், வுடு" என்றாள் அம்மா. வழவழப்பான, எதுவும் இல்லாத, மெல்லிய ஒரு வளையத்தைக் காட்டினேன். வெட்டிப் பேசுவாள் என்று காத்திருந்தால், "அழகா கீதுடா" என்றாள். எனக்கே வெட்கமாக இருந்தது. இவ்வளவு நாள் இவளை என்னென்னவோ நினைத்துவிட்டோமே என்று தோன்றியது.

"அளவு?" என்றான் சூர்யபிரகாஷ்.

அம்மா சுருக்குப்பையிலிருந்து ஒரு வெள்ளை நூல் துண்டை எடுத்தாள். பூ வைக்கப் பொதட்டூர்பேட்டைக்குப் போனபோது கயலின் விரலில் சுற்றி எடுத்தது. பூ கட்டும் நூல்.

சூர்யபிரகாஷ் நூலை வளைத்து, மோதிர அளவு பார்க்கிற கூம்புக் கம்பியில் வைத்துப் பார்த்தான். மறுபடியும் வைத்துப் பார்த்தான்.

"யம்மா, இது யாரு விரலு? ஸ்கூல் புள்ளையா?"

"என் மருமவ விரலுதான்."

"இது விரலோட அடி அளவும்மா. மூட்டு தாண்டாது."

"சோப்பு போட்டா ஏறும்."

"ஏறும்மா. ஏறிட்டா இறங்காதே."

"எதுக்கு இறங்கணும்?"

சூர்யபிரகாஷ் என்னைப் பார்த்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கண்ணாடி மேஜைக்குள் இருந்த கம்மல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடது கையில், அவள் கல்யாணத்தில் போட்ட மோதிரம் இருந்தது. சதை இரண்டு பக்கமும் புடைத்து, மோதிரம் நடுவில் புதைந்து கிடக்கும். நான் பிறந்ததிலிருந்து அது அந்த விரலை விட்டு வந்ததில்லை. இறுக்கமான மோதிரம் என்ன செய்யும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"லைன்ல உள்ள வுடமாட்டாங்கம்மா" என்றேன்.

"யாரு?"

"கம்பெனில. மோதிரத்தோட போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான்."

"அப்டியா?"

"அப்டியாவா? உனக்குத் தெரியாது?"

"தெரியும்டா" என்றாள், கம்மலிலிருந்து கண்ணை எடுக்காமல். "மெட்டி போட்ட பொண்ணு கதைய நீதான சோறு துன்னுகினே சொன்ன."

ஒரு மனிதனுக்கு ஆத்திரம் வரும்போது முதலில் காது சூடாகும். எனக்கு இரண்டு காதும் எரிந்தன. நான் இரக்கப்பட்டுச் சொன்ன கதையை இவள் செய்முறை விளக்கமாகக் கேட்டிருக்கிறாள்.

"வேலைய வுடணும்னா வாயத் தொறந்து சொல்லுமா. சண்ட போடலாம்."

"நான் வேலைய வுடச் சொன்னேனா? ஒரு வார்த்த சொல்லிருப்பனா? மாப்ள, நீங்க கேட்டீங்களா?" பாவாவைப் பார்த்து அம்மா கையை விரித்தாள். "மோதிரம்தான போடறேன். உள்ள வுடலன்னா அது கம்பெனி தப்பு."

எவ்வளவு சுத்தமான வேலை பாருங்கள். யாரும் யாரையும் எதுவும் சொல்ல வேண்டாம். பெண்ணின் விரலில் மூட்டைத் தாண்டி ஒரு வளையம் போனால் போதும். மிச்சத்தை வாசலில் இருக்கிற மெஷின் பார்த்துக்கொள்ளும். தையில் கல்யாணம் வரும்போது அவளுக்கு வேலை இருக்காது, லைன் லீடர் பயிற்சி வேறு ஒருத்திக்குப் போயிருக்கும், எல்லோரும் ஐயோ பாவம் என்பார்கள், அம்மாவும் என்பாள்.

பாவா இடையில் புகுந்தார். "மச்சான், நிச்சயம் பண்ண மோதிரத்த கல்யாணத்துக்கு முன்ன கழட்டினா அது நல்லதில்ல. வழக்கம்னு ஒண்ணு கீது."

"எவன் வழக்கம் பாவா? உனக்கும் அக்காவுக்கும் நிச்சயத்துல மோதிரமே கெடையாது. ஒரு பொடவை, ஒரு சீப்பு வாழப்பழம்."

"அதாலதான் உங்கக்கா எனக்கு அடங்காம சுத்திகினு கீறா."

அவர் சொன்னதற்கு அவரே சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். கடையில் வேறு யாரோ ஒரு அம்மாள், கொலுசு பார்க்க வந்தவர், அவரும் சிரித்தார்.

"என் மோதிரம்?" என்றேன். "எனக்குப் போடப் போறாங்களே, அத நான் தெனம் கழட்டணும். அது நல்லதா?"

"நீ ஆம்பள" என்றாள் அம்மா. கேள்வியே புரியாதவளைப் போலச் சொன்னாள்.

நான் நூலைப் பிடுங்கி வாயில் போட்டு மென்று வெளியே துப்பினேன். சிறுபிள்ளைத்தனம்தான். வேறு என்ன செய்வது? "பொண்ண நேர்ல கூட்டினு வர்றேன். அது வரைக்கும் செய்யாத" என்று சூர்யபிரகாஷிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சாலையில் திருப்பதி பஸ் ஒன்று ஆட்டோவுக்கு ஒலி எழுப்பிக்கொண்டு நின்றது. நானும் ஒரு கத்தல் கத்தியிருப்பேன். கத்தவில்லை.

மறுநாள் கயல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கியதும் நேராகக் கடைக்கு அழைத்துப் போனேன். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"அன்னிக்கே தெரியும்" என்றாள். "உங்கம்மா நூல விரல் அடியில சுத்தி, முடிச்சு போட்டாங்க. அப்பால வெளிய எடுக்க முடியல. கத்தரிக்கோல் வாங்கிக் கத்தரிச்சாங்க. எங்க வீட்ல தறி ஓடுது பரிதி. நூலு இறுக்கமா தளர்வான்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னேனே. கழட்ட வரணும்னு."

"இத சொல்லலயே. எங்கம்மா இப்டின்னு."

"சொல்லிருந்தா நீ இன்னா சொல்லிருப்ப? எங்கம்மா அப்டியாப்பட்ட ஆளு இல்ல கயல், நீயா நெனச்சுக்காதன்னு சொல்லிருப்ப."

அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கடையில் சூர்யபிரகாஷ் சாவிக்கொத்து மாதிரி கோத்த அளவு வளையங்களைக் கொடுத்தான். கயல் ஒன்று மாற்றி ஒன்று போட்டுப் பார்த்தாள். ஒன்றில் நின்றாள். போட்டாள், கழற்றினாள். கையை உதறினாள், விழவில்லை. மறுபடியும் போட்டாள், கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பில் கழற்றினாள்.

"எல்லாப் பொண்ணுங்களும் மோதிரத்த போட்டுப் பாப்பாங்க" என்றான் சூர்யபிரகாஷ். "நீங்க கழட்டிப் பாக்கறீங்க."

"போடறது யாரு வேணா போடுவாங்கண்ணா" என்றாள் கயல்.

அந்த மெல்லிய வளையத்தையே அந்த அளவில் செய்யச் சொன்னோம். அவளுக்கும் அது பிடித்திருந்தது. அளவை நானே அட்டையில் பெரிதாக எழுதி அவன் கையில் கொடுத்தேன்.

வீட்டில் அம்மா என்னோடு பேசவில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பகல் முழுக்கத் தூங்கினேன், மாலையில் பஸ் ஏறினேன். நான்கைந்து நாள் கழித்து அவளே பேசினாள்.

"மோதிரம் ரெடியாம். நான் வாங்கினு போய் மலமேல சாமி கால்ல வெச்சு எடுத்துனு வந்துடறேன். பெத்தவதான் வெக்கணும்."

அது எங்கள் வீட்டில் எப்போதும் உள்ளதுதான். தாலியோ, தோடோ, குழந்தைக்கு அரைஞாணோ, எது வாங்கினாலும் முதலில் மலைக்குப் போய் முருகன் காலில் வைத்துத்தான் வீட்டுக்கு வரும். அந்த மலைமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. "சரி" என்றேன். அம்மா இறங்கி வந்தபோது நெற்றி நிறைய விபூதி. மோதிர டப்பா மஞ்சள் துணியில் முடிந்திருந்தது.

"முடிச்ச மேடையிலதான் அவுக்கணும்" என்றாள். "நடுவுல தொறந்தா சாமி பாத்தது போயிடும்."

நான் தொடவில்லை.

நிச்சயம் பொதட்டூர்பேட்டையில், தறிக்காரர்கள் சங்கத்துக்குப் பக்கத்திலிருந்த சின்ன மண்டபத்தில் நடந்தது. அன்று அந்தத் தெருவில் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். கயல் நீலப் பட்டு கட்டியிருந்தாள். அவள் அப்பா புதுச் சட்டையில் மடிப்புக் கலையாமல் நின்றார். பத்திரிகை வாசித்தார்கள், தட்டு மாற்றினார்கள். முதலில் கயல் எனக்கு மோதிரம் போட்டாள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. கைத்தட்டினார்கள்.

அம்மா முடிச்சை அவிழ்த்தாள். அதே மெல்லிய வளையம். என் கையில் கொடுத்தாள். வீடியோக்காரர், "சார், மெதுவா, மேடம் மூஞ்சப் பாத்துகினே" என்றார். நான் கயலின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட்டேன்.

மூட்டில் நின்றது.

கொஞ்சம் திருகினேன். கயலின் முகம் மாறியது. வலியால் மாறவில்லை. அவள் மோதிரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"தள்ளு மச்சான்" என்றார் பாவா. "பஸ்ட் டைம் எல்லாம் அப்டித்தான்." கூட்டத்தில் இளவட்டங்கள் ஓவென்று சிரித்தார்கள்.

"இந்தா, இத தடவிக்க" என்று அம்மா தாம்பாளத்தின் அடியிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தை நீட்டினாள்.

தேங்காய் எண்ணெய்.

வெற்றிலை இருந்தது, பாக்கு இருந்தது, மஞ்சள் இருந்தது, பழம் இருந்தது. நிச்சயத் தட்டில் எண்ணெய்க் கிண்ணத்துக்கு என்ன வேலை? அதை யார், எப்போது, எதற்காக வைத்தார்கள்? மோதிரம் ஏறாது என்று தெரிந்தவர்கள்தானே வைத்திருக்க முடியும்? கயல் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்த அளவு இது இல்லை. சாமி காலில் வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போய், வழியிலேயே அதைச் சுருக்கி, அதன் மேல் விபூதியும் மஞ்சள் துணியும் முடிச்சும் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். சாமியையும் சேர்த்துக் கூட்டாளியாக்கி இருக்கிறாள்.

மண்டபம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவின் கணக்கு அதுதான். இத்தனை பேர் முன்னால் எவன் நிறுத்துவான்? ஒரு சொட்டு எண்ணெய், ஒரு தள்ளு, எல்லாம் முடிந்துவிடும். அவ்வளவு சுலபம்.

"எண்ணெய் வேணாம்" என்றேன்.

"தடவுடா, நேரம் போவுது."

"வேணாம்மா. இது அவ அளவு இல்ல. உனக்குத் தெரியும்."

சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன் போல. முன்வரிசையில் பேச்சு நின்றது. மோதிரத்தை மூட்டிலிருந்து வெளியே எடுத்தேன். ஆறுமுகம் மாமா ஒன்றும் புரியாமல், "இன்னா மாப்ள, இன்னா ஆச்சு?" என்று மேடைக்கு வந்தார். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "மோதிரம் நின்னா ஆவாதே" என்று ஆரம்பித்தார். மோதிரத்தை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தட்டில் போட்டுவிட்டு இறங்கிப் போகலாமா என்றுகூட நினைத்தேன்.

கயல் மோதிர விரலை மடக்கினாள். சுண்டுவிரலை நீட்டினாள்.

"இதுல போடு."

போட்டேன். தடையே இல்லாமல் போய் அடியில் உட்கார்ந்தது.

"சுண்டுவிரல்லயா!" என்று யாரோ ஒரு பெண் குரல். "அய்ய, அது முறையில்ல" என்று இன்னொன்று. கயல் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் பார்க்க மோதிரத்தைக் கழற்றினாள். மறுபடி தானே போட்டுக்கொண்டாள்.

"வருதுப்பா" என்றாள் அவள் அப்பாவிடம். "நல்லா வருது."

ஆறுமுகம் மாமாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தார், என் அம்மாவைப் பார்த்தார். கிண்ணத்தை எடுத்து மேடை ஓரத்தில் எரிந்த குத்துவிளக்கில் ஊற்றினார். "வெளக்குக்கு வெச்சிருப்பாங்க" என்றார். அந்த மனிதருக்கு இருந்த பண்பு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இல்லை.

வீடியோக்காரர், "சார், அத இன்னொரு வாட்டி" என்றார். முறைத்தேன். கேமராவைத் திருப்பிக்கொண்டார்.

பந்தி நடக்கும்போது வெளியே வந்து சூர்யபிரகாஷுக்குப் போன் செய்தேன்.

"அட்டைல எழுதிக் குடுத்தேனே!"

"எழுதனமாரிதான்டா செஞ்சேன். உங்கம்மா வந்து, பொண்ணு டூட்டிக்குப் போயி போயி எளச்சிப்போச்சு, சின்னதா பண்ணுன்னாங்க. பெத்தவங்க அழுவற மாரி சொல்றாங்க, நான் இன்னா பண்றது?"

அம்மா கைகழுவும் இடத்தில் தனியாக நின்றிருந்தாள். அருகில் போனேன். சோப்பு நுரையோடு விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் மோதிரத்தைச் சுற்றியிருந்த தோல் வெளுத்துப் போயிருந்தது. அந்த விரலைப் பார்த்தால் இரக்கம் வர வேண்டும். வரவில்லை. இவ்வளவு காலம் இதை மாட்டிக்கொண்டு இருந்தவள், இது எப்படி இருக்கும் என்று தெரிந்தவள், அதே அளவில் இன்னொன்று செய்யச் சொல்லியிருக்கிறாளே என்றுதான் வயிறு எரிந்தது.

"எளச்சிட்டாளா?" என்றேன்.

"ஊரு முன்னால என்ன அவமானப்படுத்திட்ட" என்றாள்.

"நீ அவள இன்னா பண்ணப் பாத்த?"

"மோதிரம் போடப் பாத்தேன்." குழாயை மூடினாள். "இனிமே உன்ன சுண்டுவிரல் மாப்பிள்ளன்னுதான் கூப்புடுவாங்க. கூப்புடட்டும். உன் இஷ்டம்."

உண்மையில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பாவாதான் ஆரம்பித்து வைத்தார். கே.ஜி. கண்டிகை டீக்கடையில் உட்கார்ந்தால், "சுண்டுவிரல் வந்துட்டாருப்பா, ஒரு டீ போடு" என்கிறார்கள். நான் டீயைக் குடித்துவிட்டுப் போகிறேன். எண்ணெய் தடவித் தள்ளியிருந்தால் எவனும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டான். நல்ல மாப்பிள்ளை, நல்ல குடும்பம் என்றிருப்பார்கள்.

நிச்சயம் முடிந்து முதல் வேலை நாள். நான் ஷிஃப்ட் முடிந்து காலையில் வெளியே வந்தேன். லாக்கரைத் திறந்து என் மோதிரத்தை எடுத்து விரலில் மாட்டினேன், போனை எடுத்தேன். கயல் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். லாக்கர் முன்னால் நின்று, சுண்டுவிரலிலிருந்து மோதிரத்தை ஒரே இழுப்பில் கழற்றி ஒரு சின்ன டப்பாவில் போட்டாள். செக்யூரிட்டி அக்கா, "புதுசா? காட்டு, காட்டு" என்றாள். காட்டினாள்.

"சுண்டுவிரலுக்கா? ஏன்?"

"அது பெரிய கதக்கா. சாப்பாட்டு டைம்ல சொல்றேன்."

கயல் மெஷினுக்குள் நடந்தாள். அது கத்தவில்லை. அந்தப் பக்கம் போய்த் திரும்பி என்னைப் பார்த்து, "தூங்கு போ, மூஞ்சி வீங்கியிருக்கு" என்றாள்.

அப்போது போன் அடித்தது. நிச்சயத்துக்குப் பிறகு அம்மா முதன்முறையாகக் கூப்பிடுகிறாள்.

"அவ வந்துட்டாளா?"

"உள்ள போயிகினு கீறா."

"கையில மோதிரம் கீதா?"

"இல்ல. கழட்டிட்டுத்தான் போறா. என்னுதும் ராத்திரி முழுக்க லாக்கர்லதான் இருந்துது."

"உன்னுத யாருடா கேட்டா?" என்றாள் அம்மா.